கரியும் காளானும் மூன்று சொட்டுத் தண்ணீரும்

இரண்டு கண்ணாடிக் குடுவைகளும் ஒரே நிறத்தில் இருந்தன. தூளைச் சிக்கனமாகப் போட்டு, பால் விடாமல் இறக்கிய டீயின் நிறம்.

ஒன்று அப்படித்தான் இருக்க வேண்டும். மற்றது அந்நேரத்துக்குக் கஷாயம் போலக் கறுத்திருக்க வேண்டும். மூன்று வருஷமாக எனக்குக் கறுத்துக் காட்டிய சோதனை அது. எந்த மூன்று பேர் பார்க்க வேண்டுமோ அந்த மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்த அன்றைக்குப் பார்த்து, சண்டி மாடு மாதிரி படுத்துக்கொண்டது.

சித்திரை மாத மத்தியானம். லேப் ஜன்னல் வழியாக வந்த காற்றில் முகம் எரிந்தது. அறை முழுக்க நகப்பூச்சு வாசனை. நான் பயன்படுத்திய கரைப்பானின் வாசனை அது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் என் முனைவர் பட்ட ஆய்வு தேறுமா என்று பார்த்துச் சொல்ல வந்த குழு. அவர்களில் தலைவர் எழுந்து வந்தார். இரண்டு குடுவைகளையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது? என் கைடு, அதாவது என் ஆய்வுக்கு வழிகாட்டி, தலைக்கு மேல் சுற்றிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன கண்டாரோ தெரியாது.

கரி இல்லாத ஊரில் கரி ஆராய்ச்சி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பெயர் ஆரோக்கிய மேரி. ஆவூர்க்காரி. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டே, பாதி ஆயுசு போன பிறகு, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள். நான் எடுத்துக்கொண்ட பொருள் நிலக்கரி.

புதுக்கோட்டையில் நிலக்கரி ஏது என்று கேட்காத ஆளில்லை. கல் இருக்கிறது, முந்திரி இருக்கிறது, கருவேலங்காடு இருக்கிறது. கரி இல்லைதான். நெய்வேலிப் பக்கம் லாரி ஓட்டும் என் சித்தப்பா மகன் தஞ்சாவூர் வரைக்கும் ஒரு சாக்கில் கொண்டுவந்து கொடுப்பான். அங்கிருந்து நான் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவேன். கண்டக்டர் ஒருமுறை மூட்டையில் என்ன என்று கேட்டார். கரி என்றேன். கடையில் கிடைக்காத கரியா என்று அவர் சிரித்தார். எதற்கு என்று பக்கத்து சீட்டு அம்மா விசாரித்தது. காளானுக்குத் தின்னக் கொடுக்க என்றேன். அந்த அம்மா அடுத்த நிறுத்தத்தில் வேறு சீட்டுக்குப் போய்விட்டது.

நான் சொன்னது பொய்யில்லை. மழை பெய்த பிறகு விழுந்து கிடக்கும் மரத்தில் காளான் பூக்கிறது அல்லவா, அது அந்த மரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அதற்குப் பல் கிடையாது. நொதி என்ற ஒன்றைக் கசியவிட்டு மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. சோற்றை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தால் இனிப்புத் தட்டுகிறதே, அது நம் எச்சிலில் இருக்கும் நொதியின் வேலை. காளானிடம் இருப்பது மரம் அறுக்கும் நொதி. லாக்கேஸ் என்று அதற்குப் பெயர்.

பழுப்பு நிலக்கரி என்பது என்ன? எத்தனையோ காலத்துக்கு முன் மண்ணுக்குள் போய்ப் பாதி வெந்த மரம். மரத்தை அறுக்கத் தெரிந்த நொதிக்குப் பாதி வெந்த மரத்தை அறுக்கத் தெரியாதா? அறுத்துக் கொடுத்தால், கரியைக் கொளுத்திப் புகையாக்காமல், அதிலிருந்து பசைக்கும் பிசினுக்கும் வேண்டிய சரக்கை எடுத்துவிடலாமே. இவ்வளவுதான் என் கேள்வி.

சிக்கல் எங்கே என்றால், நொதி தண்ணீரில் வாழ்கிற சாதி. கரியோ தண்ணீரில் கரையாது. நகப்பூச்சு வாசனை அடிக்கும் எத்தில் அசிட்டேட் மாதிரியான கரைப்பான்களில்தான் கொஞ்சமாவது இறங்கி வரும். அந்தக் கரைப்பானில் நொதியைப் போட்டால் செத்துப்போகும் என்பது எங்கள் பாடப்புத்தகம். சாகாது, சில நொதிகள் தாக்குப்பிடிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கைடுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர் இலைச்சாற்றுக்காரர். முருங்கை, துளசி, ஆவாரை என்று எதையாவது அரைத்துச் சாறெடுத்து, அதில் என்ன சத்து என்று அளந்து, அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் மூன்று வருஷத்தில் முடித்துக்கொண்டு போனார்கள். எனக்கும் முருங்கையைத்தான் நீட்டினார். முருங்கையைப் பற்றி எழுத இனி என்ன மிச்சம் இருக்கிறது சார் என்று கேட்டேன். அன்றைக்கே எங்கள் இருவருக்கும் சரிப்படாமல் போய்விட்டது.

சின்னப்பொண்ணு அக்கா

காளானுக்கு நான் எங்கும் அலையவில்லை. திருமயத்தில் பெண்கள் சிலர் சேர்ந்து கொட்டகை போட்டுச் சிப்பிக் காளான் வளர்த்தார்கள். காளானை எல்லாம் பறித்த பிறகு ஓய்ந்துபோன வைக்கோல் பைகளைக் குப்பையில் போடுவார்கள். அந்தக் குப்பைதான் எனக்குப் பொக்கிஷம். நொதி அந்த வைக்கோலில் ஊறிக் கிடக்கும். ஊறவைத்து, பிழிந்து, வடிகட்டி, உறையவைத்து உலர்த்தினால் கடைசியில் ஒரு சிட்டிகை வெளிறிய தூள் மிஞ்சும்.

அந்தத் தூளுக்குப் பெயர் வைத்தது சின்னப்பொண்ணு அக்கா. "வேதக்கார டீச்சரம்மாவோட திருநீறு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். வேதக்காரர் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவர்.

சின்னப்பொண்ணு அக்கா எங்கள் லேபில் அட்டெண்டர். தற்காலிக வேலை. என்னைவிட இரண்டு வயது மூப்பு. கந்தர்வக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும். அதற்கு முன்னால் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். வாய் மட்டும் நல்ல காரம். பேராசிரியர்களுக்குப் பயப்படாத ஒரே ஜீவன் அந்தக் கட்டடத்தில் அதுதான்.

அந்த அக்காவிடம் எல்லாருக்கும் இருந்த ஒரே புகார், குடுவைகளை ஈரமாக வைக்கிறது என்பது. கழுவும், இரண்டு உதறு உதறும், கவிழ்த்து வைத்துவிட்டு நாலரை பஸ்ஸுக்கு ஓடும். கைடு சுவரில் அட்டையே எழுதி ஒட்டியிருந்தார், கரைப்பானுக்குத் தண்ணீர் எதிரி என்று. வேதியியல்காரர்களுக்கு அது வேதவாக்கு. நானும் அந்த அக்காவை எத்தனையோ தடவை கடிந்திருக்கிறேன். காற்றில் தானாகக் காயப்போகிறது, அதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அது திருப்பிக் கேட்கும். பிறகு மறுநாளும் ஈரமாகத்தான் வைக்கும்.

சொன்னால் கேட்காத ஆளை என்ன செய்வது? நான் அந்த ஈரக் குடுவையிலேயே சோதனையை ஓட்டினேன். காலையில் கரித்தூளும் கரைப்பானும் திருநீறும் போட்டுக் குலுக்கி இயந்திரத்தில் வைத்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் கறுத்துவிடும். திருநீறு போடாத குடுவை வெறும் டீயாகவே நிற்கும். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, மூன்று வருஷம். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

விருந்தாளிக்காகத் துடைத்தது

குழு நேரில் வந்து பார்க்கப் போகிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். வருஷமெல்லாம் விளிம்பு நசுங்கிய தம்ளரில் காபி குடிப்போம். விருந்தாளி வருகிறார் என்றால் பரணிலிருந்து புதுத் தம்ளர் இறங்கும். புளி போட்டு விளக்குவோம், துடைத்ததையே துடைப்போம். எங்கள் ஆவூரில் தேர்த் திருவிழாவுக்கு வெளியூர்ச் சொந்தம் வரும்போது, உப்புப் போட்டோமா என்று பார்க்க மறந்து, தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்.

அதே புத்தியோடு லேபில் இறங்கினேன். எல்லாக் குடுவைகளையும் ஓவனில் வைத்துக் காயவைக்கச் சொன்னேன். காய்ந்தது போதாது, இன்னொரு தடவை வையுங்கள் என்றேன். கரைப்பானில் ஈரம் உறிஞ்சும் மணிகளைக் கொட்டி இரண்டு நாள் மூடி வைத்தேன். கரித்தூளை மறுபடி உலர்த்தினேன். சுவரில் ஒட்டியிருந்த அட்டையை ஈரத்துணியால் துடைத்தது மட்டும்தான் அன்றைக்கு லேபில் தண்ணீர் பட்ட இடம்.

அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். காலை பத்து மணிக்கு வைத்தோம். மூன்று மணிக்கு இரண்டு டீ.

என் போனில் இருந்த படங்களைத் தலைவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். படத்தில் நிறம் எப்படி வேண்டுமானாலும் வரும் என்று கைடு பக்கத்திலிருந்து சொன்னார். என் பக்கம் பேச வேண்டிய மனிதர் அவர். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை, எழுதும்போதே கை சூடாகிறது.

ஒரே ஒரு வரி

மறுநாள் கைடு தன் அறைக்குக் கூப்பிட்டார். தட்டச்சு செய்த கடிதம் ஒன்று மேசையில் தயாராக இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மரியாதைக்குரிய, தாழ்மையுடன் எல்லாம் தாண்டிப் போனால் நடுவில் ஒரு வரி. இதற்கு முன் நான் அளித்த முடிவுகள் சோதனையின் மூலம் பெறப்பட்டவை அல்ல. நான் அதை இரண்டு தரம் படித்தேன். சோதனையில் வரவில்லை என்றால் எங்கிருந்து வந்தன? நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன் என்று அர்த்தம். பொய்க்காரி என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கைடு பக்குவமாகத்தான் பேசினார். குழுவின் கோபம் தணியும். பதிவு ரத்தாகாது. முருங்கையைப் புதிதாக எடுத்துக்கொண்டால் இரண்டே வருஷத்தில் பட்டம். திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் பதிவை ரத்து செய்யச் சொல்லி அவரே எழுத வேண்டியிருக்கும்.

"ஒரு வரிதானேம்மா. யாரு படிக்கப் போறா?" என்றார்.

"நான் படிச்சுட்டேனே சார்."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பயமா என்றால் பயமும்தான். பட்டம் போனால் கல்லூரியில் யார் மதிப்பார்கள்? ஆனால் அந்த வரியின் கீழ் என் பெயர் இருந்தால் நானே என்னை எப்படி மதிப்பேன்?

பஸ்ஸில் வரும்போது எதற்கோ பழைய ஞாபகம் ஒன்று வந்தது. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, கொடுப்பதற்கு முன், கோயில் பாதிரியாரான சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். செய்த பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. எனக்கு எட்டு வயசு. முந்தின நாள் எண்ணிப் பார்த்தால் என்னிடம் மூன்று பாவம்தான் தேறியது. பக்கத்து வீட்டு ரீத்தாவிடம் ஒன்பது இருந்தது. மூன்றோடு போனால் சாமியார் என்ன நினைப்பார் என்று, ரீத்தாவிடமிருந்து இரண்டைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். அதில் ஒன்று கோயில் உண்டியலில் குச்சி விட்டது.

உண்டியல் என்றதும் சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எப்போது, எந்தக் குச்சி, எவ்வளவு வந்தது என்று கேட்கக் கேட்க எனக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் அழுதுகொண்டே, அது என் பாவம் இல்லை சாமி என்று சொல்லிவிட்டேன். மனிதர் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தாலும், பொய் சொன்னதற்காக முழங்காலில் நிற்க வைத்துவிட்டார். அன்றைக்குப் பட்ட முழங்கால் வலி பஸ் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது சுரீர் என்று ஞாபகம் வந்தது.

வீட்டில் கடிதத்தை என் கணவரிடம் காட்டினேன். ஸ்டீபன் பள்ளி ஆசிரியர், நிதானமான ஆள். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு இன்னும் நிதானமாகிவிட்டவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோவத்துல எதையும் முடிவு பண்ணாத. ஆனா இதுல கையெழுத்தும் போடாத" என்றார்.

கழுவாத குடுவை

வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஆளாக லேபுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. அகப்பட்டது சின்னப்பொண்ணு அக்கா.

குடுவையில் சோப்பு மிச்சம் இருந்ததா, வேறு எதையாவது போட்டுக் கழுவினீர்களா, அன்றைக்கு மட்டும் என்ன செய்தீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா கையிலிருந்த பிரஷை ஸிங்கில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துத் திரும்பியது.

"எம்மேல பழியப் போடாதீங்க டீச்சரம்மா. ஒரு நாளும் இல்லாத திருநாளா சூட்டுப்பொட்டியில ரெண்டு தரம் வைக்கச் சொன்னது நீங்க. வச்சேன். துளி ஈரம் இல்ல. மத்த நாளெல்லாம் ஈரமாத்தான கெடந்துச்சு, அப்பல்லாம் கறுக்கலயா?"

கோபத்தில் சொன்னதுதான். சொல்லிவிட்டு அது பாட்டுக்கு அங்கிட்டுத் திரும்பிக் கழுவ ஆரம்பித்துவிட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வருஷம் ஈரம். மூன்று வருஷமும் கறுத்தது. ஒரே ஒரு நாள் ஈரம் இல்லை. அந்த ஒரு நாள் கறுக்கவில்லை. இதைப் பார்க்க முனைவர் பட்டம் எதற்கு? கண் இருந்தால் போதாதா?

புதன்கிழமை தோற்ற இரண்டு குடுவைகளும் மூடி போட்டபடி அலமாரியில் இருந்தன. குழு போன பிறகு அவற்றைக் கழுவ யாருக்கும் மனம் வரவில்லை. திருநீறு போட்ட குடுவையை எடுத்தேன். சொட்டுக்குழலில் காய்ச்சி வடித்த தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விட்டேன். குலுக்கியில் வைத்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது சொட்டு. மூன்றாவது சொட்டு. திருநீறு இல்லாத குடுவைக்கும் அதே மூன்று சொட்டு விட்டேன். தண்ணீர் மட்டுமே நிறத்தை மாற்றிவிட்டது என்று நாளைக்கு எவரும் சொல்லக்கூடாது.

பகல் சாப்பாட்டு மணி அடித்தபோது ஒன்று டீயாகவும் ஒன்று கஷாயமாகவும் நின்றன.

சந்தோஷத்தில் சின்னப்பொண்ணு அக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அக்காவின் கை முழுக்க சோப்பு நுரை. "என்ன கோட்டி புடிச்சிருச்சா ஒங்களுக்கு?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

அன்று மாலைக்குள் ஏழெட்டுக் குடுவைகளில் செய்து பார்த்துவிட்டேன். சொட்டே விடாவிட்டால் ஒன்றும் இல்லை. மூன்று நான்கு சொட்டில் நல்ல கறுப்பு. முப்பது நாற்பது என்று போனால் நொதி உருண்டை கட்டி அடியில் ஒட்டிக்கொண்டது. புட்டுக்கு மாவு பிசறுவது போலத்தான். தண்ணீர் தெளிக்காவிட்டால் மாவு மாவாகவே இருக்கும். அதிகமாகிவிட்டால் களி. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், அந்தப் பதம்தான் கணக்கு. நொதிக்கும் அப்படித்தான். கரைப்பானுக்குள் இருந்தாலும் உடம்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு நீர்ப்பூச்சு இருந்தால்தான் அதால் அசைந்து கொடுத்து வேலை செய்ய முடியும். நான் அந்தப் பூச்சையும் சுரண்டிவிட்டேன்.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையடிக்கவில்லை. பிற்பாடு பெரிய நூலகத்தில் உட்கார்ந்து தேடியபோது, இது இந்தத் துறையில் பலருக்கும் வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி என்று பார்த்தேன். சுவரில் அட்டை ஒட்டிய எங்கள் லேபுக்குத்தான் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

மறுபடியும் மூன்று நாற்காலி

திங்கட்கிழமை கைடிடம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து இல்லாமல். நடந்ததைச் சொன்னேன், குடுவைகளைக் காட்டினேன். குழுவை இனிமேல் கூப்பிட முடியாது என்றார். கூப்பிட்டால் தன் பெயர்தான் கெடும் என்றார். அப்படியானால் நானே எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லி, அவர் எதிரிலேயே தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தாண்டிப் போகிறீர்கள் என்றார் கைடு. வழியை மறித்துக்கொண்டு நின்றால் தாண்டாமல் என்ன செய்வது சார் என்று கேட்டேன். அதன் பிறகு அவர் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

தலைவர் வந்தார். ரத்து செய்வதானாலும் பார்த்துவிட்டுச் செய்கிறேன் என்று பதில் எழுதியிருந்தார். மற்ற இருவரையும் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். அதே மேசை, அதே மூன்று நாற்காலி, வெயில் மட்டும் இன்னும் கூடுதல்.

இந்த முறையும் எல்லாவற்றையும் ஓவனில் இரண்டு தரம் காயவைத்தேன், அவர்கள் கண் முன்னால். மூன்று குடுவைகள். முதலாவதில் கரியும் காய்ந்த கரைப்பானும் திருநீறும். இரண்டாவதில் அதே. மூன்றாவதில் திருநீறு கிடையாது. சொட்டுக்குழலைத் தலைவர் கையில் கொடுத்தேன். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மூன்று மூன்று சொட்டு நீங்களே விடுங்கள் சார், நான் தொடவில்லை என்றேன். குடுவைகளைக் குலுக்கியில் வைத்து, லேபைப் பூட்டி, சாவியையும் அவரிடமே கொடுத்தேன். அவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் வராந்தாவில் நின்றேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தார்கள். இரண்டாவது குடுவை கறுத்திருந்தது. நல்ல, கெட்டியான, ஊடே விரல் தெரியாத கஷாயம். மற்ற இரண்டும் டீ.

தலைவர் சொட்டுக்குழலை எடுத்தார். கறுக்காமல் நின்ற முதல் குடுவையில், யாரும் சொல்லாமலே, மூன்று சொட்டு விட்டார். உட்கார்ந்து காத்திருந்தார். சின்னப்பொண்ணு அக்காவின் நாலரை பஸ் போய்விட்டது, அக்காவும் போகாமல் ஸிங்க் பக்கம் நின்றது. ஐந்து மணிக்குள் அந்தக் குடுவையும் கறுத்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டேன், யார் பார்த்தால் என்ன.

தலைவர் படிவத்தில் எழுதத் தொடங்கினார். பதிவு தொடரும். பழைய முடிவுகள் ஏற்கப்பட்டன. பிறகு பேனாவை நிறுத்திவிட்டு, போன முறை ஏன் தோற்றது என்று ஒரு பத்தி எழுதிக் கொடுங்கள், ஆய்வேட்டோடு சேர்க்க வேண்டும் என்றார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போனேன். கைடு பின்னாலேயே வந்தார். இத்தனை நாளில் முதல் தடவையாகக் குரலைத் தணித்து, அன்பாகப் பேசினார். நானே தப்புச் செய்தேன் என்று எழுதினால் ஆய்வேட்டில் கறையாக நிற்கும், நாளைக்கு வேலை உயர்வுக்குப் போகும்போது எடுத்துக் காட்டுவார்கள் என்றார். இரண்டு பேருக்கும் கெட்ட பெயர் இல்லாமல் முடிக்க ஒரு வழி சொன்னார்.

"அட்டெண்டர் குடுவைகளச் சரியாக் கையாளலன்னு எழுதிருங்க. டெம்பரவரிதானே. முடிஞ்சுபோச்சு."

ஸிங்கில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. சின்னப்பொண்ணு அக்கா திரும்பவில்லை. கவிழ்த்து வைத்திருந்த குடுவைகளையே பார்த்துக்கொண்டு நின்றது. முதுகு மட்டும் தெரிந்தது.

நான் எழுதினேன். முதல் முறை சோதனை தோற்றதற்குக் காரணம், பார்வையாளர்கள் வருகிறார்கள் என்ற பதற்றத்தில், குடுவைகளையும் கரைப்பானையும் அளவுக்கு மீறி உலர்த்தும்படி நான் சொன்னது. உதவியாளர் சின்னப்பொண்ணு நான் சொன்னபடியே செய்தார். முந்தைய மூன்று வருடங்களில் சோதனை வெற்றி பெற்றதற்கு அவர் கழுவிவைத்த ஈரமான குடுவைகளே காரணம். கீழே முழுப் பெயர், ஊர், தேதி.

கைடு என் தோளுக்கு மேலாகப் படித்தார்.

"இது காலத்துக்கும் நிக்கும்மா" என்றார்.

"நிக்கட்டும் சார். இது நான் செஞ்சது."